மூன்றாவது சீட்டு

இருபத்தேழாம் தொட்டி இன்னும் பத்து நாளில் உறங்கிவிடும் என்பது செண்பகத்துக்குத் தெரிந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொள்வதுதான் அவளுடைய வேலை. தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, உருப்பெருக்கியில் பார்த்து, பச்சை எவ்வளவு, செவலை எவ்வளவு என்று குறிப்பாள். அன்று இருபத்தேழின் சொட்டில் செவலை ஐந்துதான் தெரிந்தது. இன்னொரு சொட்டு எடுத்தாள். மூன்று. அதற்கு மேல் எடுக்கக் கை வரவில்லை. அந்தத் தொட்டியின் மூச்சில் வாழும் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அவள் மகள் மங்கை. ஏழு மாதக் கர்ப்பிணி.

எட்டாம் குழாய் என்பது செவ்வாயில் ஓர் ஊர். எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடி வடிந்த பாதாளக் குழாய்க்குள் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெல்டிங் வேலைக்கும் பைப் வேலைக்கும் ஒப்பந்தத்தில் வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுமாக நானூற்றுச் சொச்சம் பேர். கப்பல் வருவது நின்று இருபத்தொரு வருடமாகிறது. கூட்டிவந்த கம்பெனி என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. கம்பெனி விட்டுப்போனதில் உருப்படியானவை அந்த நாற்பது தொட்டிகள்தாம். பச்சை என்ற பாசியும் செவலை என்ற நுண்ணுயிரும் அவற்றில் சேர்ந்து வாழ்ந்தன. செவலை இருந்தால்தான் பச்சை பெருகும், பச்சை இருந்தால்தான் செவலை பெருகும். இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் மற்றது அப்படியே மந்தித்துக் கிடக்கும். தொட்டி உறங்கிவிட்டது என்பார்கள். உறங்கிய தொட்டி மூச்சுக் காற்று தராது.

தொட்டி உறங்கினால் அதன் பன்னிரண்டு பேரும் உறைவறைக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான். பெரியவர்கள் உறைந்து கிடந்துவிட்டு, வருடங்கள் கழித்தும் எழுந்துகொள்வார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பத்தில் இரண்டுதான் எழும். வயிற்றுப் பிள்ளை எழுந்ததே இல்லை. இதுவரை இப்படிப்பட்டவர்களை வேறு தொட்டிகளில் காலியான இடம் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது தொட்டிகள் உறங்கிய பிறகு எந்தத் தொட்டியிலும் இடமில்லை. ஆறாம் தொட்டியில் இரக்கப்பட்டுப் பதிமூன்றாவது ஆளைச் சேர்த்தார்கள்; ஒரே மாதத்தில் அதுவும் உறங்கிப் பதிமூன்று பேரும் உறைவறைக்குப் போனார்கள். அதிலிருந்து இரக்கத்துக்கும் தடை வந்துவிட்டது.

செண்பகம் குறிப்பை எடுத்துக்கொண்டு அருளானந்தத்தின் அறைக்குப் போனாள். தொட்டிகளின் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்பவர் அவர்தான். அறுபது வயது, ஒல்லி, தலையில் ஒரு முடியும் இல்லை. நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இருபத்தேழா?" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா அண்ணாச்சி."

"அது போக முப்பத்தொண்ணு, பதினாலு, ரெண்டு, முப்பத்தாறு. அஞ்சு தொட்டி ஒரே சமயத்துல. இப்படி வரக் கூடாது செண்பகம். எனக்குப் புரியவே மாட்டேங்கு."

"ஒங்களுக்கே புரியலன்னா?"

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு செவலைய எடுத்துக்கோ. ஒண்ணு, ரெண்டாப் பிரியும், இல்ல, செத்துப்போகும். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பச்சையும் அப்படித்தான். அதனால தனிச்சு விட்ட ஒரு தொட்டியில என்னைக்காவது ஒருநா ரெண்டுல ஒண்ணு அடியோட அழிஞ்சுரும். அதுல சந்தேகமே இல்ல. இன்னைக்கா நாளைக்காங்கதுதான் கேள்வி. அதுக்காகத்தான் குலுக்கல் வச்சோம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஒரு தொட்டி வாளி இன்னொரு தொட்டிக்குப் போகுது. எது எங்கன்னு சீட்டு சொல்லும். அப்பம் ஒரு எடத்துல அழிஞ்சது வேற எடத்துலேருந்து வந்து சேந்துக்கிடும். நாப்பது தொட்டியும் அப்படிக் கலந்தா நானூறு வருசம் தாங்கும். நூறு தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"பொறவு ஏன் தாங்கல?"

"நாப்பது தொட்டின்னு வச்சாத் தாங்குது. ஆனா இங்க நடக்கதப் பாத்தா, இந்த ஊர்ல நாலே நாலு தொட்டிதான் இருக்க மாதிரி இருக்கு. நாலு கூட்டம். அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. தண்ணி வெளிய போகவும் இல்ல, வெளியேருந்து வரவும் இல்ல. அப்படிச் சுத்துனா எல்லாத் தண்ணியும் ஒரே தண்ணியாயிரும். ஒண்ணுல செவலை அழிஞ்சா மொத்தக் கூட்டத்துலயும் அழியும்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "வாளி சீட்டுப்படிதான போகுது?"

"ஆமா" என்றாள் செண்பகம். குறிப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாளி சீட்டுப்படி போகவில்லை. போய்ப் பல வருடமாயிற்று.

ஊரில் சாவு விழுந்தால் உடலை வீணாக்க முடியாது. மண்ணே இல்லாத இடத்தில் அதுதான் உரம். உடலைக் கழுவிக் குழியில் இறக்கிக் கிளறிவிடும் வேலையை முதல் வருடம் யாராவது செய்ய வேண்டியிருந்தது. ஒன்பதாம் தொட்டி வீட்டார் செய்தார்கள். அடுத்த வருடமும் அவர்களையே செய்யச் சொன்னார்கள். ஐந்தாறு வருடத்தில் அவர்கள் குழிவீட்டார் ஆகிவிட்டார்கள். பூமியிலிருந்து கிளம்பும்போது எவரும் சாதியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவில்லை. எடைக் கட்டுப்பாடு கடுமை. வந்த இடத்தில் புதிதாகச் செய்துகொண்டார்கள். குழியின் உரம் பைப் வழியாக எல்லாத் தொட்டிக்கும் போகிறது. அதில் எவருக்கும் சங்கடமில்லை. ஆனால் ஒன்பதாம் தொட்டியின் வாளி என்றால் மட்டும் முகம் சுளிக்கும்.

முதலில் ஊர்த்தலைவர் ஆவுடையப்பன் வீட்டுக்குத்தான் சீட்டில் ஒன்பதாம் வாளி விழுந்தது. அவர் வீட்டார் அதைச் சத்தமில்லாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு வாளி வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். பிறகு, முன்பின் பழகாத வீட்டு வாளி எதற்கு, மாமன் வீட்டு வாளி இருக்கையில் என்றாயிற்று. கொழுந்தன் வீடு, மச்சினன் வீடு, ஒரே ஊர்க்காரர் வீடு என்று வாளிகள் பழகின வழியே போய்வந்தன. சீட்டு ஒரு பக்கம் குலுங்கியது, தண்ணீர் இன்னொரு பக்கம் ஓடியது. செண்பகத்துக்கு எல்லாம் தெரியும். குலுக்கலை நடத்தி, குறிப்பேட்டில் எல்லா வீட்டுக்கும் நேரே 'ஊற்றியாயிற்று' என்று எழுதியவள் அவள்தான். மகளுக்குக் கல்யாணமான வருடம், ஒரே ஒரு தடவை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு, தன்னுடைய அண்ணன் வீட்டு வாளியை இருபத்தேழுக்கு மாற்றி அனுப்பினாள். அந்த ஒரே ஒரு தடவை ஆறு வருடம் நீண்டது.

வேறு வழி தெரியாமல் அவள் ஒன்பதாம் தொட்டிக்குப் போனாள். எல்லாத் தொட்டியிலும் சொட்டு எடுப்பவள், அங்கே மட்டும் வாசலில் நின்று குழிவீட்டு மாடத்தி கொண்டுவந்து தரும் சொட்டைத்தான் வாங்குவாள். அன்று உள்ளே போய்த் தானே எடுத்தாள். ஏற்கெனவே எழுதிய எண்கள்தாம். ஆனால் அன்றுதான் அவற்றை நிதானமாகப் பார்த்தாள். பச்சையும் செவலையும் திருவிழாக் கூட்டமாக நெரிந்துகொண்டிருந்தன. காரணம் சுலபம்தான். மாடத்தி வீட்டோடு வாளி மாற்றிக்கொள்ள எவரும் வரவில்லை. ஆகையால் சீட்டு எந்த வாளியைக் கொடுத்ததோ அதையே அவள் ஊற்றினாள். நாற்பது தொட்டித் தண்ணீரும் கலந்த ஒரே தொட்டி அது. குலுக்கலை ஒழுங்காக நடத்திய வீடு ஊரில் ஒன்றே ஒன்று, அதுவும் கதியற்றுப்போய்.

"என்னக்கா, உள்ள வந்துட்டீங்க?" என்றாள் மாடத்தி. கேலி இருந்ததா என்று சொல்ல முடியாது.

செண்பகம் அங்கிருந்து நேரே அருளானந்தத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஒன்பதாம் வாளிய ஊத்துனா இருபத்தேழு பிழைக்குமா அண்ணாச்சி?"

"பிழைக்கும். ஆனா ஒன்பதுலேருந்து மூணு வாளிக்கு மேல எடுத்தா அதுவும் படுத்துரும். அஞ்சு தொட்டிக்கு மூணு வாளி."

"பாதிப் பாதி ஊத்தலாம்லா?"

"பாதி பத்தாது. பெரிய தொட்டியில பச்சையும் செவலையும் ஒண்ணையொண்ணு தேடிக்கிட்டே செத்துப்போகும். முழு வாளி வேணும். மூணு வீடு பிழைக்கும், ரெண்டு வீடு போகும். சீட்டுப் போட்டாத்தான் ஊரு ஒத்துக்கிடும். அதுக்கு முன்னால நீ எங்கிட்டச் சொன்னத ஊருக்குச் சொல்லணும். இனிமே வாளி ஒழுங்காப் போகலன்னா இந்த மூணு வீடும் அடுத்த வருசம் இருக்காது, ஊரும் இருக்காது."

மறுநாள் கூட்டம் கூடியது. செண்பகம் எழுந்து நின்று சொன்னாள். எந்த வீடு எந்த வீட்டோடு மாற்றிக்கொண்டது என்று பெயர் சொல்லவில்லை; தன்னுடையதை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடத்தில் ஒருவர் முகமும் வெட்கப்படவில்லை. எல்லோருக்கும் அவள் மேல்தான் கோபம். தாங்கள் மட்டும் எப்போதோ அவசரத்துக்கு மாற்றியதாகவும், மற்றவர்கள்தாம் வழக்கமாக வைத்திருந்ததாகவும் ஒவ்வொரு வீடும் மனமார நம்பியது.

"பொய் எழுதுன கையி இனி சீட்டத் தொடக் கூடாது" என்றான் முப்பத்தொன்றாம் தொட்டி வீட்டுக் குமரேசன். செண்பகத்தின் கணவனுக்குத் தம்பி முறை. மூன்று வயதுப் பையன் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "அஞ்சுல ஒண்ணு மைனி மவ வீடு. வேற யாராச்சும் எடுக்கட்டும்."

யார் எடுப்பது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. யாரைச் சொன்னாலும் அந்த ஐந்து வீடுகளில் ஒன்றுக்கு அவர் உறவு. கடைசியில் அருளானந்தம் சொன்னார்: "எவனுக்கும் உறவில்லாதது ஊர்ல ஒன்பதாம் வீடு மட்டும்தான். மாடத்தி எடுக்கட்டும். தண்ணியும் அவ வீட்டுத் தண்ணிதான."

கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. சீட்டுகளைப் பிறகு எரித்துவிடலாம் என்று ஆவுடையப்பன் சொன்னதும் அடங்கியது. ஐந்து சீட்டுகளை மடித்துக் குவளையில் போட்டுக் குவளையைத் தரையில் வைத்து நகர்ந்துகொண்டார்கள். மாடத்தி வந்து குத்தவைத்து உட்கார்ந்து குலுக்கினாள். ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தாள்.

"ரெண்டு."

ஒரு மூலையில் யாரோ விம்மினார்கள்.

"முப்பத்தாறு."

செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. மங்கையின் வயிற்றில் கைவைத்தபோது உதைத்த உதைதான் நினைவில் இருந்தது.

"இருபத்தேழு."

கூடம் வெடித்தது. குமரேசன் முன்னால் வந்தான். "இது பேசி வச்சது. நேத்து மைனி ஒன்பதாம் வீட்டுக்குள்ள போனத எம்பொஞ்சாதி கண்ணால பாத்திருக்கா. என்னைக்கும் போகாத ஆளு நேத்து ஏன் போகணும்? திரும்பக் குலுக்கணும்."

"திரும்பக் குலுக்கு" என்று பத்துக் குரல் சேர்ந்தது.

அருளானந்தம் கையை உயர்த்தினார். "ஒருக்க மாத்துனா எப்பமும் மாத்துவீய. பிடிக்காத சீட்டு விழுந்தப்பல்லாம் மாத்தித்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கோம். சீட்டு விழுந்தது செண்பகம் மவ வீட்டுக்கு, முடிவ அவளே சொல்லட்டும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம், திரும்பக் குலுக்குங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் ஊரே மெச்சியிருக்கும். ஆனால் அதுவும் சீட்டை மாற்றுவதுதானே? இத்தனை வருடம் மகளுக்காக மாற்றினாள். இப்போது நல்ல பெயருக்காக மாற்ற வேண்டுமா? மானத்தை விட்டு அவள் சொன்னாள்: "சீட்டு விழுந்தபடியே நடக்கட்டும்."

யாரோ காறித் துப்பினார்கள். ஆனாலும் சீட்டு நின்றது.

ஒன்பதாம் தொட்டியிலிருந்து மூன்றாவது வாளியை மாடத்தியும் செண்பகமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடைவழியில் வேறு ஆள் இல்லை. செண்பகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கடவுள்னு ஒருத்தன் இருக்கான் மாடத்தி" என்றாள்.

"கடவுள் இல்லக்கா. நான்தான்."

செண்பகம் நின்றாள். வாளி தளும்பித் தரையில் கொஞ்சம் சிந்தியது.

"மூணாவது சீட்டுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்துச்சு" என்றாள் மாடத்தி, சமையலைப் பற்றிப் பேசும் குரலில். "நான் இருபத்தேழுன்னு படிச்சேன். எங்கையிலேருந்து எவனும் சீட்ட வாங்கிப் பாக்க மாட்டான்னு தெரியும். மொட்டை சாரு கூட வாங்கல, பாத்தீங்களா? சொன்னதத் திரையில ஏத்திக்கிட்டாரு."

"ஏன் மாடத்தி? ஏன் இப்படிச் செஞ்ச?"

"எங்க வாளி போன வீடு எல்லாத்துலயும் சாக்கடையில ஊத்துற சத்தம் எனக்குக் கேக்கும். வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் வருவேன். ரெண்டு தடவ இருபத்தேழுக்குப் போச்சு. ஒங்க மவ ரெண்டு தடவையும் தொட்டியில ஊத்துச்சு. ஒங்க அண்ணன் வீட்டு வாளியத்தான் சாக்கடையில விட்டுச்சு. ஒங்களுக்குத் தெரியாது. சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டுச்சு." மாடத்தி வாளியின் பிடியை மாற்றிப் பிடித்தாள். "நமக்குன்னு ஒருத்தி இருந்தா, அவளுக்குச் செய்யாம எப்படிக்கா? நீங்க எல்லாரும் செய்யுததுதான."

அந்த இடத்தில் நடைவழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் இருபத்தேழு, வலப்பக்கம் முப்பத்தொன்று. செண்பகம் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீட்டில் மோசடி என்று குமரேசன் சொன்னது உண்மை. உண்மை என்று அவனுக்கே தெரியாது. அவன் தோளில் தூங்கிய பையனின் எச்சில் சட்டையில் வழிந்திருந்தது வேறு கண்முன்னால் வந்து நின்றது.

முப்பத்தொன்றுக்கு எடுத்துப் போகலாம். ஏன் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொன்னால் குழிவீட்டாள் ஏமாற்றினாள் என்றாகும். அப்புறம் ஒன்பதாம் தொட்டித் தண்ணீரை இந்த ஊர் ஜென்மத்துக்கும் தொடாது, தொடாமலே சாகும். சொல்லாமல் ஊற்றினால், செண்பகம் மறுபடியும் வாளியை மாற்றினாள் என்றாகும். நாளையே எல்லோரும் மாமன் வீட்டுக்கும் மச்சினன் வீட்டுக்கும் வாளி தூக்குவார்கள். இருபத்தேழில் ஊற்றினால் மட்டும்தான் சீட்டு சீட்டாக நிற்கும். ஊர் பிழைக்கும். எப்படி நினைத்துப் பார்த்தாலும் வழி இடப்பக்கமே போயிற்று. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் பேரப்பிள்ளை வலப்பக்கம் இருந்திருந்தாலும் இதே நியாயம் தனக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தாள். பதில் தெரியவில்லை. இனி எந்நாளும் தெரியப்போவதில்லை.

"எந்திரிங்கக்கா. தண்ணி ஆறக் கூடாது" என்றாள் மாடத்தி.

இருவரும் இடப்பக்கம் திரும்பினார்கள். மங்கை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "யம்மா, ஏன் ஒம் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். செண்பகம் உள்ளே போய் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

ஆறாம் நாள் இருபத்தேழின் சொட்டில் செவலை இருநூற்றைத் தாண்டியது. ஒன்பதாம் நாள் பதினான்காம் தொட்டி உறங்கியது. பத்தாம் நாள் முப்பத்தொன்று.

அன்று காலை செண்பகம் சொட்டு எடுக்க வந்தபோது குமரேசன் நடைவழியில் காத்திருந்தான். அவன் வீட்டார் துணிமூட்டைகளோடு உறைவறைப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பையன் அவன் இடுப்பில் இருந்தான். எங்கேயோ ஊருக்குப் போகிறோம் என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. தலைவாரிப் பவுடர் போட்டு ஜம்மென்று இருந்தான்.

"மைனி" என்றான் குமரேசன். நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றே அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இந்தப் பத்து நாளாப் பாத்துட்டேன். பொறவு நடந்த குலுக்கல்ல விழுந்த வாளிய ஒருத்தரும் மாத்தல. தலைவர் வீட்டுலயே, ஒன்பதாம் வாளி விழுந்தாலும் ஊத்துவோம்னு சொல்லிட்டாங்க. நீங்க அன்னைக்கு மானத்தப் பாக்காம, விழுந்தது விழுந்ததுதான்னு நின்னீங்க, அதான். இல்லன்னா எவனும் கேட்டிருக்க மாட்டான்." வரிசையில் போகும் தன் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தான். "எங்களுக்கு விழல. அது எங்க நேரம். ஒங்க மேல குத்தமில்ல. மனசுல வச்சுக்கிடாதீங்க."

சொல்ல வேண்டியது செண்பகத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. அந்த நாலைந்து பேரும் அவளைப் பார்த்தார்கள், இத்தனை வருடத்தில் அவள் கண்டிராத மரியாதையோடு.

"டாக்டர் சொல்லுதாரு, பத்துல ரெண்டு எந்திச்சிருக்காம். இவன் கெட்டிக்காரன்" என்று குமரேசன் பையனை ஒரு தடவை தூக்கிப்போட்டுச் சரியாக வைத்துக்கொண்டான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன் மைனி. நாங்க எந்திரிக்கவரைக்கும் குலுக்கல நீங்களே நடத்துங்க. ஒங்க கையின்னா நம்பலாம்."

பையன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"சரி" என்றாள் செண்பகம்.